ஜன்னலுக்குள் நீட்டிய கை

"வருஷம் தவறாம டெஸ்ட் எடுத்துக்கிட்டுதான் இருந்தாரு, டாக்டர். ஒரு வருஷம்கூட விட்டதில்ல. நான் சொன்னா நம்பமாட்டீங்கன்னா இதோ நிக்கிறானே, இவனையே கேளுங்க."

அக்கா திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் வீசித் தம்பியைக் காட்டினாள். தம்பி என்றால் சின்னப் பையன் இல்லை. ஐம்பதைத் தாண்டியவன், முன்தலையில் முடி போனவன், பேருந்து டிப்போவில் டயர் மாட்டுகிறவன். அறையில் நோயாளி பக்கம் நாற்காலி இரண்டுதான். ஒன்றில் அக்கா. இன்னொன்றில் அவள் கணவர், அதாவது அவனுடைய மாமா, இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தும் உட்காராமலும் இருந்தார். தம்பிக்குக் கதவோரம்தான் இடம் கிடைத்தது. அதுவும் நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டான். கதவோரம் நிற்கிறவன் முகத்தை யாரும் பார்க்க வேண்டியதில்லை.

"எங்க பாத்தீங்க?" என்று கேட்டார் டாக்டர். சின்ன வயதுப் பெண். பேசும்போது பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"டிப்போவுக்கே வேன் வருமே. டிரைவருங்க எல்லாருக்கும் ரத்தம் எடுப்பாங்க. அம்பது தாண்டினவங்களுக்கு இந்த ப்ராஸ்டேட்டுக்கும் சேத்து ஒரு குழாய் அதிகமா எடுப்பாங்க. போன வருஷம்கூட எல்லாம் சரியா இருக்குன்னுதான் வந்துச்சு. ஏங்க, சொல்லுங்களேன்."

மாமா சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆண் உடம்பைப் பக்கவாட்டில் அறுத்துக் காட்டிய படம். சிறுநீர்ப் பைக்கு அடியில் ஒரு சின்ன உருண்டை, யாரோ சட்டைப்பையில் போட்டு மறந்துவிட்ட பொருள் மாதிரி.

டாக்டர் கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். கறுப்புப் பின்னணியில் மாமாவின் எலும்புக்கூடு நின்றது. முதுகெலும்பில், இடுப்பில், ஒரு விலாவில் வெளிச்சப் புள்ளிகள். இரவு வண்டி மலைப்பாதையில் ஏறும்போது கீழே தெரியும் ஊர்களைப் போல இருந்தன. பஸ் டிரைவரான மாமா அப்படிப்பட்ட ஊர்களைப் பாதி ஆயுள் பார்த்தவர். இப்போது அவை அவருக்குள் விளக்கேற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"ப்ராஸ்டேட்ல வர்ற இந்தக் கேன்சர் ஒரு வருஷத்துல வந்து இவ்வளவு தூரம் போறது அபூர்வம்மா. பொதுவா மெல்லத்தான் வளரும். ஆரம்பத்துல வலியே இருக்காது. அதனாலதான் ஒண்ணும் இல்லாதப்பவே வந்து பாருங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கறோம். அந்த ரத்த டெஸ்ட்டும் எப்பவும் சரியாவே சொல்லிடும்னு நான் சொல்லமாட்டேன். ஆனா இப்ப இருக்கிற அளவைப் பாத்தா, போன வருஷம் அவ்வளவு கம்மியா இருந்திருக்க வழியே இல்ல. ரத்தம் மாறியிருக்கலாம்."

"மாறியிருக்கலாமா?"

அக்கா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்ட விதத்தைத் தம்பி கதவோரத்திலிருந்து பார்த்தான். வெள்ளத்தில் போகிறவள் ஒரு கிளையைப் பிடிப்பதைப் போல இருந்தது.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா காப்பாத்தியிருக்கலாமா டாக்டர்?"

டாக்டர் பேனாவை மூடினார். "அந்தச் சுரப்பியோட நின்னிருந்தா, ஆபரேஷனோ கதிர் வைத்தியமோ பண்ணி, நிறையப் பேர் பேரன் பேத்தி எடுத்து நல்லா இருக்காங்க. இப்ப எலும்புக்குப் போயிடுச்சு. ஊசி போட்டுக் கட்டுக்குள்ள வைக்கப் பாக்கலாம். வலியைக் குறைக்கலாம். முழுசா எடுத்துட முடியாது." பிறகு, பேச்சை மாற்ற நினைத்தவர் போல, கதவோரம் பார்த்தார். "நீங்க இவங்க கூடப்பிறந்தவரா? உங்களுக்கும் வயசாகுதே, நீங்க பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன்" என்றான் தம்பி. யோசிக்காமல் வந்துவிட்டது.

அக்கா முதல் தடவையாகத் திரும்பினாள். "நீ எப்படா பாத்தே? டயர் ஷெட்காரங்களுக்குத்தான் அதெல்லாம் கிடையாதே."

"வெளியில... ஒரு தடவை."

"எப்படி இருந்துச்சு?" என்றார் டாக்டர்.

மாமாவின் கண்கள் சுவர்ப் படத்திலிருந்து இறங்கி அவன் மேல் வந்து நின்றன.

"எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு" என்றான்.

*

டிப்போவுக்கு வரும் வேனின் பக்கவாட்டில் ஒரு ஜன்னல் உண்டு. அகலமில்லாத ஜன்னல். உள்ளே திரை தொங்கும். வெளியே டிரைவர்கள் வரிசையில் நின்று, தங்கள் பேட்ஜ் எண்ணைச் சொல்லி, சட்டைக் கையை மடித்துவிட்டு, கையை உள்ளே நீட்ட வேண்டும். உள்ளே நர்ஸம்மா உட்கார்ந்திருப்பார். டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஊசியம்மா. வெளியே நிற்கிறவரின் முகம் அவருக்குத் தெரியாது, கைதான் தெரியும். ஆள் வண்டிக்குள் ஏறி இறங்கினால் நேரமாகிறது, பஸ் கிளம்பத் தாமதமாகிறது என்று யாரோ ஒரு மேலதிகாரி கண்டுபிடித்த ஏற்பாடு.

அந்த ஜன்னலுக்குள் வருஷா வருஷம் மாமாவின் எண்ணைச் சொல்லிப் போன கை தம்பியுடையது.

சர்க்கரையால் வந்த வினை. மாமாவுக்குச் சர்க்கரை இருப்பது வெளியில் ஒரு டாக்டரிடம் காட்டியபோது தெரியவந்தது. மாத்திரை சாப்பிட்டார், இனிப்பைத் தொடுவதில்லை, எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் டிப்போவுக்குத் தெரிந்தால் நெடுந்தூர வண்டியிலிருந்து இறக்கி, கேட்டில் உட்கார வைத்து, போகிற வருகிற பஸ்ஸுக்குச் சங்கிலி தூக்கச் சொல்வார்கள். டிப்போவில் மாமாவுக்குப் பெயரே 'நெடுந்தூரம்'தான். ஸ்டியரிங்கை எடுத்துவிட்டால் அவரிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

"ஒரு ஊசிதானே மாப்ள. கொசு கடிச்சதா நினைச்சுக்க" என்றார் மாமா அன்று. ஷெட்டுக்குப் பின்னால், பழைய டயர்கள் அடுக்கிய மூலையில், தன் யூனிஃபார்ம் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். வேலையில்லாமல் அக்கா வீட்டில் தங்கியிருந்த காலத்தில் ஒரு நாளும் முகம் சுளிக்காத மனிதர். இவன் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டான். தோள் சற்றுத் தொளதொளவென்று இருந்தது. வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் தெரியும். டிரைவர்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுப்பதில்லை.

"என்னய்யா டயரு, ஒரே நாள்ல டிரைவராயிட்ட? எங்களுக்கெல்லாம் எத்தனை வருஷமாச்சு தெரியுமா!"

"கையைச் சுத்தமாக் கழுவுனியா? ஊசியம்மா கிரீஸ் வாசனைக்கே மயங்கிடப் போறாங்க."

அப்புறம் ஒரு வருஷம், ஐம்பது தாண்டியவர்களுக்கு ஒரு குழாய் கூடுதல் என்று வேனில் அட்டை தொங்கவிட்டார்கள். எதற்கு என்று தெரிந்ததும் வரிசை முழுக்க ஒரே சிரிப்பு. சந்தேகம் வந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் விரலை விட்டும் பார்ப்பார்களாம் என்று ஒருவர் கிசுகிசுத்தார். "என் உடம்புல கியர் போட எவனையும் விடமாட்டேன்" என்றார் மாமா. அந்த வாரம் முழுக்க டிப்போவில் அந்த ஒரு ஜோக்தான் ஓடியது. கூடுதல் குழாயையும் தம்பிதான் நிரப்பினான்.

இதில் யாருக்கும் புரியாத ஒன்று பிறகு நடந்தது. முடிவுகள் வரும். சர்க்கரை சரி, கொழுப்பு சரி, ப்ராஸ்டேட் சரி. மாமா அதை வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போவார். "பாத்தியா, இரும்பு உடம்பு" என்று அக்காவிடம் காட்டுவார். முதல் வருஷம் தம்பியைப் பார்த்துக் கண்ணடித்தார். அடுத்த வருஷம் கண்ணடிக்கவில்லை. அதற்கடுத்த வருஷம் உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

பிறகு பஸ்ஸைப் பாதி வழியில் நிறுத்துவது கூடிற்று. ஒரு திருப்பம் விட்டு ஒரு திருப்பம் இறங்கி ஓடினார். "நெடுந்தூரம் இப்ப குறுந்தூரமாயிட்டாரு" என்றார் கண்டக்டர். பயணிகளும் சிரித்தார்கள். மணிக்கணக்கில் அடக்கி வைத்துப் பழகிய டிரைவர்களுக்கு மூத்திரத் தொல்லை ஒரு நோயே இல்லை. அது வேலையோடு சேர்ந்து வருவது. இடுப்பு வலித்தது. சீட்டின் மேல் பழி போட்டார். அக்கா டாக்டரிடம் போகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். "அதான் டெஸ்ட்ல ஒண்ணுமில்லன்னு வந்திருக்கே. திரும்பத் திரும்ப என்னத்தைப் பாக்கறது?" என்பார். அப்போது தம்பியும் அங்கேதான் தேநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஆமாம் அக்கா, ஒண்ணுமில்ல என்று அவனும் சொல்லியிருக்கிறான்.

*

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் அக்கா மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். மாமா கழிவறையிலிருந்து வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. தம்பி கதவுக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு நின்றான். உள்ளே தண்ணீர்ச் சத்தம் இல்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. வந்தவரைத் தோளில் தாங்கிக் கட்டிலுக்குக் கொண்டுபோனான். அவர் போட்டிருந்த அந்த யூனிஃபார்ம் சட்டை முன்பு அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது. இப்போது அவருக்கே அது தொளதொளவென்று தொங்கியது.

"ஒண்ணு கேக்கறேன் மாப்ள" என்றார், கண்ணை மூடிக்கொண்டு. "அது உன் ரத்தம்னு எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். அப்புறம் நான் எப்படி அதை நம்பினேன்?"

"நானும்தான் மாமா நம்பினேன்."

"நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

தம்பி அவர் காலடியில் கிடந்த போர்வையை இழுத்துச் சரிசெய்தான். பார்வைக்கு நன்றாக இருக்கும் டயரையும் கழற்றி உள்பக்கம் கைவிட்டுத் தடவிப் பார்க்காமல் அவன் ஒரு வண்டியையும் வெளியே அனுப்பியதில்லை. அந்தக் கையைத்தான் வேறொருவர் பெயரில் ஜன்னலுக்குள் நீட்டினான்.

"அக்கா ஊசியம்மாகிட்ட போன்ல சண்டை போட்டிருக்கா. வேன் நாளைக்கு வருது. எல்லார் முன்னாடியும் கேக்கப் போறேன், மேல புகார் கொடுக்கப் போறேன்னு நிக்கிறா. அந்தம்மா வேலை போயிடும் மாமா."

"என் உசிரே போகுது, வேலை போறதைப் பத்திப் பேசற."

"நாம சொல்லிடலாம் மாமா. இப்பவே. அக்கா வந்ததும்."

மாமா கண்ணைத் திறந்தார். கோபம் இல்லை. டிப்போவுக்குள் பஸ்ஸைப் பின்னோக்கி எடுக்கும்போது கண்ணாடியைப் பார்ப்பாரே, அந்த நிதானம்.

"சொல்லு. சொன்னா என்ன ஆகும்? இப்ப அவளுக்குக் கோபப்பட வெளியில ஒரு ஆள் இருக்கு. அந்தக் கோபத்துலதான் எழுந்து நடமாடறா, சோறு பொங்கறா. நாமன்னு தெரிஞ்சா? நான் இன்னும் கொஞ்ச நாள்ல போயிடுவேன், என்னை மன்னிச்சாலும் மன்னிக்காட்டியும் ஒண்ணுதான். உன்னை? உன் மூஞ்சியில முழிப்பாளா? எனக்கப்புறம் அவளுக்கு நீ ஒருத்தன்தான்டா. புருஷனையும் எடுத்து, தம்பியையும் எடுத்துட்டு, அவ கையில என்னத்தைக் கொடுக்கப் போற?"

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா மாத்திரைப் பையோடு உள்ளே வந்தாள்.

"ரெண்டு பேரும் என்ன ரகசியம் பேசறீங்க?"

"உன் தம்பிக்கு இன்னும் டயர் மாட்டவே தெரியலன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றார் மாமா.

அவள் சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் முதல் சிரிப்பு. தம்பி மாத்திரைப் பையை அவள் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்தான்.

*

மறுநாள் காலை வேன் வழக்கமான இடத்தில், டீசல் பம்புக்கு எதிரே நின்றது. மழை தூறிக்கொண்டிருந்தது. வரிசை பாதிகூட இல்லை. வந்தவர்களிலும் சிலர் கையை மடித்த சட்டையோடு சும்மா நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நெடுந்தூரத்துக்கே எல்லாம் சரின்னு சொன்னவங்கதானே இவங்க. இதுக்கு எதுக்குய்யா ரத்தம் கொடுக்கணும்?"

"லேபை மாத்தினாத்தான் கையை நீட்டுவேன். இல்லன்னா ஆளை விடுங்க."

சொன்னவர்களில் பாதிப் பேர், சட்டை மாறியதைக் கண்ணால் பார்த்துச் சிரித்தவர்கள். அவர்களும் மறந்துபோயிருந்தார்கள். இல்லை, ஊசிக்குப் பயந்து மறந்துவிட்டதாகக் காட்டிக்கொண்டார்களோ என்னவோ. ஒருவர் வரிசையை விட்டுப் போனதும் இன்னொருவர் போனார். மாமாவின் கண்டக்டருடைய அண்ணனும் டிரைவர்தான், அவரும் போனார், வண்டியை அடிக்கடி நிறுத்துகிறவர் என்று இப்போது அவரைத்தான் கேலி செய்துகொண்டிருந்தார்கள். தம்பி கையில் நட்டு முடுக்கும் சாவியோடு ஷெட் வாசலில் நின்று பார்த்தான். அவரைப் போய்த் தடுக்க வேண்டும் என்று கால் துடித்தது. தடுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

கூட்டம் குறைந்ததும் ஊசியம்மா கீழே இறங்கி அவனிடம் வந்தார். நரைத்த தலை, ரப்பர் செருப்பு. வருஷக்கணக்கில் அவனைக் குத்தியவர். இவ்வளவு கிட்டத்தில் முகத்தைப் பார்த்ததில்லை.

"நீங்கதானே அவர் மச்சினன்? எப்படி இருக்காரு?"

"இருக்காரு."

"உங்க அக்கா பேசினதுல தப்பே இல்ல. நான் அவங்க இடத்துல இருந்தா அடிச்சே இருப்பேன்." கையுறையைக் கழற்றாமலே கைகளைக் கோத்துக்கொண்டார். "எனக்குத் தூக்கமே இல்ல. நான்தான் லேபிளை மாத்தி ஒட்டியிருப்பேனோ? ஆனா ஒரு வருஷம் மாத்தலாம், எல்லா வருஷமுமா மாத்துவேன்? அவர் ரத்தம் வேற யார் பேர்லயாவது போயிருந்தா, அந்த ஆளுக்கு இல்லாத நோயைச் சொல்லியிருப்பாங்களே. அப்படி ஒருத்தரும் வரலையே. எங்க தப்பு பண்ணேன்னே தெரியல. தெரிஞ்சா அவர் கால்லயாவது விழுந்துடுவேன்."

தம்பி சாவியைக் கீழே வைத்தான். சொல்லிவிடலாம். இதோ, இந்த நொடி. யாரும் கேட்கவில்லை. அக்காவுக்குத் தெரிய வேண்டியதுகூட இல்லை.

"உங்க மாமா முகம் எனக்கு ஞாபகமில்ல" என்றார் ஊசியம்மா. "கை மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. நல்ல நரம்பு. தேடவே வேண்டாம், குத்தினதும் குபுக்னு வரும். எவ்வளவு ஆரோக்கியமான கைன்னு ஒவ்வொரு தடவையும் நினைச்சுக்குவேன்."

தம்பி மடித்திருந்த சட்டைக் கையை மெல்ல இறக்கி விட்டுக்கொண்டான்.

"அம்மா, யாராவது இருக்கீங்களா உள்ள?" என்று வேன் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. ஒரு டிரைவர், கையை ஜன்னலுக்குள் விட்டபடி காத்திருந்தார். ஊசியம்மா ஓடினார்.

அவன் ஷெட்டுக்குள் திரும்பி ஒரு சக்கரத்தின் முன் குந்தினான். நட்டுகளைக் கழற்றினான். அதையே மறுபடி மாட்டினான். கொஞ்ச நேரம் போயிருக்கும். வாசல் வெளிச்சத்தை ஒரு உருவம் மறைத்தது. குடையை மடக்கிக்கொண்டு அக்கா நின்றாள். மாமாவின் யூனிஃபார்ம் சட்டையைத் துவைத்து, மடித்து, மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"இதை எதுக்குக்கா எடுத்துட்டு வந்தே?"

"எல்லாரும் பாக்கட்டும். இது வெறும் நம்பரில்ல, ஒரு மனுஷன்னு அவளுக்குத் தெரியணும்." அவள் குரல் நடுங்கவில்லை. மாமா சொன்ன அந்தக் கோபம் அவள் முதுகை நிமிர்த்தி வைத்திருந்தது. "நேத்து விடிய விடிய அனத்தினாருடா. காலை அசைக்க முடியலன்னாரு. ஒரு வருஷம் முன்னாடி தெரிஞ்சிருந்தா நடந்தே வந்து சிகிச்சை எடுத்திருப்பாரு. எனக்கு நியாயம் வேணாம், பணம் வேணாம். யாரு, எதுக்குன்னு தெரிஞ்சா போதும். அந்த ஆள் முகத்தை ஒரு தடவை பாக்கணும்."

வெளியே ஊசியம்மா வேன் படியில் வந்து நின்று இந்தப் பக்கம் பார்த்தார். வரிசையில் மிச்சமிருந்தவர்களும் பார்த்தார்கள். சிலர் அக்காவைப் பார்த்தார்கள். சிலர் சட்டையை. இரண்டு பேர் தம்பியை மட்டும் பார்த்துவிட்டு, சட்டென்று தரையைப் பார்த்தார்கள்.

"எனக்குத் தனியா போய்ப் பேசத் தைரியம் வரல" என்றாள் அக்கா. சட்டையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் அவன் முழங்கைக்கு உள்பக்கம், ஊசி ஏறும் அதே இடத்தில், இறுகப் பிடித்தாள். "நீ பேசவே வேணாம். எம்பக்கத்துல வந்து நில்லு, அது போதும். எனக்காக இந்த ஒரு தடவை. வர்றியாடா?"